நெத்திலியின் வாயை அடைத்தவன்

வேலுவின் நிரல் எழுப்பிய எச்சரிக்கையை அடைத்துவைத்தவன் நான்தான். பழியை அவன் சுமக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்!

நாங்கள் இருவரும் சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறோம். மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பங்களில் மீன் வைக்கும் குளிர் அறைகளை இங்கிருந்தே கண்காணிக்கிறோம். அறையின் வெப்பநிலையைப் படித்துச் சொல்லும் பைத்தான் லைப்ரரியை, அதாவது மற்ற நிரல்கள் எடுத்தாளும் துணை நிரலை, வேலு எழுதினான். விளையாட்டாக அதற்கு நெத்திலி என்று பெயரும் வைத்தான். அதைப் பயன்படுத்தும் முக்கிய நிரல் என்னுடையது.

நெத்திலி தான் செய்வதையெல்லாம் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். லாக் என்போம். அவ்வரிகள் அலுவலகச் சுவரிலுள்ள பெரிய திரையில் ஓடும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நெத்திலி, நெத்திலி... வருகிறவர்கள் எல்லாம் "அது என்ன நெத்திலி?" என்று கேட்பார்கள். மேலாளர் வேலுவின் தோளில் கைபோட்டு அறிமுகம் செய்வார்.

எனக்கு வயிறு எரியும். என் நிரல் இல்லாவிட்டால் அவனுடைய நெத்திலி எங்கே நீந்தும்? ஒருவராவது இதைக் கேட்டார்களா! உங்களுக்கு இப்படி எரிந்ததே இல்லையா? இல்லையென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

ஒருநாள் என் நிரலின் அமைப்பில் ஒரு வரியை மாற்றினேன். திரை அடங்கியது.

"இன்னா மச்சான், நெத்திலி கம்முனு கீது?" என்றான் வேலு.

"சும்மா தொணதொணன்னு ஓடிகினு இருந்துச்சுடா. அத்த மட்டும் நிறுத்திட்டேன். வார்னிங் வரும்."

"அது வந்தா போதும்."

பொய்! சாதாரண வரிகளை மறைத்து எச்சரிக்கையை மட்டும் விடும் வழி எனக்குத் தெரியும். அதுவும் ஒரே வரிதான். ஆனால் எச்சரிக்கையிலும் நெத்திலி என்று வருமே... முழுவதையும் அடைத்தேன்.

சில வாரங்கள் கழித்து, ஒரு பிற்பகலில், வேலுவின் சொந்தக் குப்பத்துக் குளிர் அறையில் இயந்திரம் நின்றுபோனது. நாங்கள் இருவரும் அந்தத் திரைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தோம். நெத்திலி எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. திரையில் ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை கதவைத் திறந்தபோது, மீன் விற்கும் பெண்கள் வைத்திருந்த வஞ்சிரமும் சங்கராவும் கெட்டு நாறின.

செய்தி கேட்டு வேலு குப்பத்துக்கு ஓடினான். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் அந்த வரியைத் திருத்தி, எச்சரிக்கை வரும்படி வைத்தேன். அதன் பிறகே அவனுக்குத் துணையாகப் போனேன். துணையாக!

அவனுடைய அம்மாவும் அங்கே மீன் வைத்திருந்தார். அவர் அழவில்லை.

"உன்ன நம்பித்தானே நைனா எல்லாரும் வெச்சோம்?" என்று மட்டும் கேட்டார். வேலு தலைகுனிந்தான்.

அலுவலகம் திரும்பியதும் சோதித்துப் பார்த்தான். எச்சரிக்கை ஒழுங்காக வந்தது.

"இப்ப வருது. நேத்து மட்டும் ஏன் மச்சான் வர்ல? நான்தான் எங்கியோ கோட்ட வுட்டுட்டேன்."

சொல்லியிருக்கலாம்... அப்போதாவது சொல்லியிருக்கலாம்! "வுடுடா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். மன்னிப்பவனைப் போல!

அதன்பின் அவன் தன் கையையே நம்புவதில்லை. எதை எழுதினாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறான். சென்ற வாரமும் ஒன்று கொண்டுவந்தான். என்னால் எழுதவே முடியாத நேர்த்தி. தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை.

"எதுக்கும் இன்னொரு வாட்டி பாத்துக்கடா" என்றேன்.

அவன் முகம் வாடியது. எனக்கு இதமாக இருந்தது.