போறன் என்ற சொல்

பத்து வயதில் நான் ஒரு மனிதனுக்கு வேண்டுமென்றே தவறான சொல்லொன்றைக் கற்றுக்கொடுத்தேன். அதைத் திருத்தச் சொல்லி அம்மா கேட்டபோது அவர் சொன்னதை மாற்றி மொழிபெயர்த்தேன். பழி மாமாவின் மேல் விழுந்தபோது பேசாமல் இருந்தேன். எழுதக் கை கூசுகிறது. ஆனால் இனியும் தள்ளிப்போட எனக்கு வயதில்லை.

அது இரண்டாம் உலக யுத்தக் காலம். மயிலிட்டிக்குத் தெற்கே எங்கள் புகையிலைத் தோட்டம் இருந்த செம்மண் நிலத்தை அரசாங்கம் எடுத்து விமானத் தளம் ஆக்கியது. ஐயா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, தண்ணீர் இறைக்கும் துலாவை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். அந்தத் தரையில் வெள்ளைக்காரரின் குண்டுவீச்சு விமானப் பிரிவொன்று வந்து இறங்கியது. அந்தப் பெரிய விமானங்கள் எழும்பும்போது எங்கள் வீட்டுச் சட்டி பானைகள் கிலுங்கும். எங்கள் கிணற்றின் மேலாகத்தான் அவை ஓடி எழும்புகின்றன என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. நிலம் பறிபோன கோபத்தை ஐயா ஒருநாளும் காட்டவில்லை. நான்தான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அம்மாவின் தம்பியான மாமா அந்த முகாமின் குசினியில் சமைக்கும் கோக்கியாகச் சேர்ந்தார். முட்டைக்கும் வாழைப்பழத்துக்கும் எங்கள் வீட்டைக் காட்டிவிட்டவர் அவர்தான். வாங்க வந்தவன் விமானத்தின் வால் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் துப்பாக்கிக்காரன். இருபது வயதுகூட இராது. செம்பட்டை மயிர். அம்மா அவனைச் செம்பட்டைத் தம்பி என்றே கூப்பிட்டார். சட்டைப் பையில் சிறிய கொப்பி ஒன்று வைத்திருந்தான். முட்டை, தண்ணி, நல்லம், ஓம் என்று கேட்ட சொற்களையெல்லாம் அதில் எழுதிக்கொள்வான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு இங்கிலிசு வரும் என்பதால் நான்தான் அவனுக்கு வாத்தியார்.

விடைபெறும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று ஒருநாள் கேட்டான். எங்கள் ஊரில் எவரும் ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்வார்கள். முற்றத்தைத் தாண்டிக் கடைக்குப் போகிறவனும் அதைத்தான் சொல்வான். வெறுமனே ‘போறன்’ என்பது வாய்க்கு ஆகாத சொல். செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது மட்டும் ‘வாறன்’ என்று சொல்லமாட்டார்கள். எல்லாம் தெரிந்துகொண்டே நான் ‘போறன்’ என்றேன். அவன் எழுதிக்கொண்டான்.

அடுத்த முறை வந்தவன் முட்டைக் கூடையைச் சைக்கிளில் கட்டிவிட்டு, அம்மாவுக்கு முன்னால் விறைப்பாக நின்று நெற்றியில் கைவைத்து, “அம்மா, போறன்!” என்று உரக்கச் சொன்னான்.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. “ஐயோ மோனை, உப்பிடிச் சொல்லாதை! போட்டு வாறன் எண்டு சொல்லு.” பிறகு என் பக்கம் திரும்பி, “டேய், உது சொல்லக்கூடாத சொல்லெண்டு அவனுக்கு இங்கிலிசிலை விளங்கப்படுத்து” என்றார்.

நீ மிக நன்றாகப் பேசுகிறாய், எப்போதும் இப்படியே சொல் என்று அம்மா சொல்வதாக நான் இங்கிலிசில் சொன்னேன். அவன் மகிழ்ந்துபோய் இன்னும் உரக்க, “போறன் அம்மா!” என்று கூவியபடி வேலிப் படலையைத் தாண்டினான்.

“ஆர் உவனுக்கு உதைச் சொல்லிக் குடுத்தது?”

“மாமாவாத்தான் இருக்கும்,” என்றேன்.

அதன்பின் அவன் ஒரேயொரு முறைதான் வந்தான். அன்று விறைப்பாக நிற்கவில்லை. அம்மா கொடுத்த பனங்கட்டியை வாங்கிக்கொண்டு மெதுவாக, “போறன் அம்மா” என்றான். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டி, என் தலையைத் தடவிவிட்டுப் போனான். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கழித்து மாமா வந்தார். செம்பட்டைத் தம்பியின் விமானம் திரும்பவில்லையாம். அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“நீ பகிடியெண்டு சொல்லிக் குடுத்த சொல்லடா! தாயில்லாத ஊரிலை வந்து நிண்ட பிள்ளை. இனி என்ரை முகத்திலை முழியாதை!”

மாமா என்னைப் பார்த்தார். நான் கோழிக்கூட்டைப் பார்த்தேன். அவர் திரும்பிப் போய்விட்டார். பிறகு பதினொரு வருடம் எங்கள் படலைக்குள் அவர் கால் வைக்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் அந்தப் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். ஆட்கள் கப்பலேறினார்கள். சில விமானங்களை அங்கேயே கோடரியால் கொத்தினார்கள். அந்த அலுமினியத் தகடு எங்கள் பக்கத்துக் கோழிக்கூடுகளுக்குக் கூரையானது. ஐயாவின் காணி திரும்பி வரவில்லை.

நான் இங்கிலிசு ஆசிரியனாகி இரண்டாம் வருடம், கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில் மெல்லிய புத்தகம் ஒன்று அகப்பட்டது. கலைக்கப்பட்ட அந்தப் பிரிவின் வரலாற்றை அதன் அதிகாரி ஒருவர் தம் ஆட்களுக்காக எழுதியிருந்தார். எங்கே தொடங்கினார்கள், எந்தப் பாலைவனத்திலிருந்து எங்கள் கரைக்கு வந்தார்கள், யார் யார் திரும்பவில்லை என்றெல்லாம் இருந்தது. எங்கள் ஊருக்கு ஒன்றரைப் பக்கம். செம்பட்டைத் தம்பியின் விமானத்துக்கு ஒரு வரி: விடியற்காலையில் புறப்பட்டது, பிறகு செய்தியில்லை. பக்கத்தில் ஒரு படம். விமானத்தின் வாலில், துப்பாக்கிக் கூண்டுக்குக் கீழே, சோக்கட்டியால் இங்கிலிசு எழுத்தில் ‘போறன்’ என்று எழுதியிருந்தது. உள்ளூர்ச் சொல், பொருள் தெரியவில்லை என்று படத்தின் அடியில் அச்சிட்டிருந்தார்கள்.

அன்றே ரயிலேறினேன். நேரே மாமாவின் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை விரித்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமா புத்தகத்தைக் கண்ணருகே தூக்கிப் படத்தைப் பார்த்தார்.

“எனக்கு அண்டைக்கே தெரியுமடா. அவன் குசினிக்கு வந்து எனக்கும் அப்பிடித்தான் சொன்னவன். நான் பயந்துபோய், என்ரை கோக்கி இங்கிலிசிலை விளங்கப்படுத்தினனான். இது போறதுக்கு, மற்றது திரும்பி வாறதுக்கு எண்டு.”

“பிறகேன் மாமா அதையே சொன்னவன்?”

“வாலிலை இருக்கிறவன் திரும்பி வாறது குறைவு, அந்த மனுசிக்கு நான் பொய் சொல்லமாட்டன் எண்டான். நீ செய்த குழப்படியைச் சொல்லிச் சிரிச்சவன்.”

அந்தக் கண்சிமிட்டல் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அவனை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

“அப்ப நீங்கள் அம்மாட்டை ஏன் சொல்லேல்லை?”

“அக்கா என்னோடை கதையாமல் இருந்திடுவா. உன்னோடை கதையாமல் இருக்க அவவாலை ஏலுமே?”

அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மாவுக்கு முன்னால் நின்று மறுபடியும் முழுவதையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. படத்தில் இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, “உதிலை என்ன எழுதிக் கிடக்கு?” என்று கேட்டார். இன்னொரு முறை அவனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் மொழிபெயர்க்க நின்றேன். ‘போறன்’ என்று இந்த முறை சரியாகச் சொன்னேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்து, “என்னடா மரம் மாதிரி நிக்கிறாய்? இரு, சாப்பிட்டிட்டுப் போகலாம்” என்றார்.

அதற்குப் பிறகு மாமா கிழமைக்கு இரண்டு தடவை வந்துபோனார். அம்மா என்னோடும் வழக்கம்போலத்தான் கதைத்தார், சோறு போட்டார். ஆனால் இங்கிலிசில் ஒரு கடிதமோ தந்தியோ வந்தால் மாமா வரும்வரை எடுத்து வைத்திருப்பார். மாமா தம் கோக்கி இங்கிலிசில் தட்டித் தடவி, பாதியைப் பிழையாகப் படித்துச் சொல்வார். இங்கிலிசு ஆசிரியனான நான் பக்கத்தில் உட்கார்ந்து, திருத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.