நாலாம் நம்பர் சட்டையும் என் பெயர் எழுதிய ஆணியும்

சனிக்கிழமை பகலில் எங்கள் ஊர் ரொட்டிக் கடைக்காரி "என்ன வேண்டும்?" என்று கேட்பதில்லை. "இன்றைக்கு எத்தனைக்கு எத்தனை?" என்றுதான் கேட்பாள். ஜெர்மனியில் ரூர் பக்கம் இருக்கும் சின்ன நகரம் இது. நிலக்கரிச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்; சுரங்கத் தொழிலாளிகள் தொடங்கிய கால்பந்துக் கிளப்பை மட்டும் யாராலும் மூட முடியவில்லை. இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்குப் பூஜ்யம் என்று நம் கணிப்பைச் சொன்ன பிறகுதான் ரொட்டி பைக்குள் விழும். வந்த புதிதில் "தெரியாது" என்று சொல்லி, வரிசையில் நின்ற அத்தனை பேரையும் திரும்பிப் பார்க்க வைத்தவள் நான்.

போன வருடம் அந்தக் கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்தேன். பக்கத்து வீட்டு ஊவே, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. 'ஃபெரைன்ஸ்ஹைம்' என்கிற கிளப் கூடத்தில் ஒரு சுவர் இருக்கிறது. வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் தங்கள் சொந்த ஊர்க் கிளப்பின் சட்டையை அதில் மாட்டி, அந்தக் கிளப்பின் வரலாற்றை ஆண்டுக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். துருக்கிச் சட்டை, போலந்துச் சட்டை, கானாச் சட்டை எல்லாம் தொங்குகின்றன. எனக்கும் ஒரு ஆணி அடித்து, கீழே பெயரும் எழுதிவிட்டார்கள். "உன் கிளப் எது?" என்று ஊவே கேட்டார். "எனக்குக் கிளப் கிடையாது" என்றேன். அவர் முகம் வாடிப் போயிற்று. "மூடிவிட்டார்களா?" என்று துக்க வீட்டில் கேட்பதைப் போலக் கேட்டு, என் தோளை அழுத்தினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூட்டத்துக்குள் அந்த ஆணியை நிரப்பியே தீர்வது என்ற வீம்போடுதான் இந்த முறை விடுப்பில் சென்னைக்கு, எங்கள் சிட்லபாக்கம் வீட்டுக்கு விமானம் ஏறினேன்.

கால்பந்து எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. என் அண்ணன் முரளி மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஒரு காலத்தில் அந்தத் தொழிற்சாலை அணியின் நாலாம் நம்பர் தடுப்பாட்டக்காரன். அவனைத் தாண்டிப் பந்தோ ஆளோ போகலாம், இரண்டும் சேர்ந்து போக முடியாது என்று தாம்பரம் பக்கத்து மைதானங்களில் அப்போது பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய செருப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் காவல் நான்.

சென்னைக்கென்று தொழில்முறைக் கிளப் வந்தபோது அவனுக்கு வயது முப்பத்தைந்து. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், டிவி வெளிச்சம், சில மாதங்களில் கட்டி எழுப்பிய அணி. பிறந்த சில வருடங்களிலேயே இரண்டு முறை கோப்பையைத் தூக்கிவிட்டது. முதல் கோப்பை, வெள்ளத்தில் ஏரி எங்கள் வீட்டுக்குள் வந்த அந்த டிசம்பரில். இங்கே நாங்கள் சேறு வழித்துக்கொண்டிருந்தோம். அங்கே கோவாவில், தோற்கப் போன ஆட்டத்தைக் கடைசி நிமிடங்களில் நம் பையன்கள் புரட்டிப் போட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து சொன்னபோது அண்ணன் "அப்டியா" என்றான். துடைப்பத்தை நிறுத்தவில்லை. சென்னையில் அந்தக் கிளப் ஆடும் ஸ்டேடியத்தில் அவன் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

இப்போது நான் அந்தக் கிளப்பின் வரலாறு கேட்டதும் சிரித்தான். "சட்டியில இருந்தாதானே அகப்பையில வரும்? அதுக்கு வயசே பத்து சொச்சம். இன்னா வரலாறு கீது அதுல?"

"நீ ஏன்ணா ஒரு தடவைகூடப் போகல?"

"அந்த கிளப்பு இன்னும் பத்து வருசம் முன்னாடி வந்திருந்தா, நானே கேட்ல போய் நின்னு சான்ஸ் கேட்டிருப்பேன். இப்ப டிக்கெட் வாங்கிகினு போய் வேடிக்க பாக்க சொல்றியா?"

கோபம் இல்லை, குரல்தான் இறங்கிவிட்டது. எனக்கு ஊவேயின் கேள்வி ஞாபகம் வந்தது. மூடிப்போனது கிளப் அல்ல, என் அண்ணன்தான்.

அன்று மாலை அவன் பைக் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பழைய அணிச் சட்டை. முதுகில், லாரிகளுக்கு நம்பர் எழுதும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையோரப் பெயின்டர் எழுதிக் கொடுத்த நாலு. நம்பர் பிளேட்டில் இருப்பதைப் போலவே நிழல் போட்ட நாலு. பெயின்ட் வெடித்திருந்தாலும் நிமிர்ந்து நின்றது. பிடுங்கிக்கொண்டேன். "இதயா செவுத்துல மாட்டப் போற? எட்த்துக்கோ. ஜெர்மன்காரன் சிரிக்கப் போறான்" என்றான். துவைத்து என் பெட்டியில் வைத்தேன்.

சட்டை கிடைத்துவிட்டது, எனக்கு அது போதவில்லை. சனிக்கிழமை ஐந்து மணி ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்து, "தனியா போகணுமா நான்?" என்ற ஒரே அஸ்திரத்தை எய்தேன். சானடோரியம் ஸ்டேஷனில் மின்ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். முதல் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். பிறகு நம் தடுப்பாட்டக்காரன் ஒருவன் இடம் விட்டதும், "டேய், உள்ள வா, உள்ள வா" என்று எழுந்து நின்றான். பிறகு உட்காரவேயில்லை.

ஒன்றுக்கு ஒன்று. எண்பத்தைந்தாவது நிமிடத்தில் அக்கம்பக்கத்தில் பலர் கிளம்ப, அண்ணனும் பையை எடுத்தான். "வா. இப்ப போனாதான் தாம்பரம் வண்டில சீட்டு."

"எங்க ஊர்ல கடைசி விசிலுக்கு முன்னாடி எழுந்தா, தாலி கட்டறதுக்குள்ள கல்யாணத்துல இருந்து கிளம்பற மாதிரிண்ணா."

"உங்க ஊர்ல நின்னுகினு போக மாட்டாங்கோ போல" என்று படியிறங்கினான். 'உங்க ஊர்' என்றது சுருக்கென்றது. அவன் பின்னால் நானும் இறங்கினேன். வாசலை எட்டியபோது முதுகுக்குப் பின்னால் ஸ்டேடியம் முழுதும் ஒன்றாக மூச்சை இழுத்தது. அண்ணன் திரும்பினான். தைலம் தேய்க்கும் முழங்காலோடு அவன் ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படிகளின் உச்சியை அடைந்த நொடியில், மூலையிலிருந்து வந்த பந்தை நம் நாலாம் நம்பர் தலையால் முட்டினான். கோல். யாரென்றே தெரியாத ஒருவர் அண்ணனைக் கட்டிப்பிடித்தார். அண்ணன் அவரைத் தூக்கியே விட்டான். அவன் அழுதான், நானும் அழுதேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல எனக்கு இரண்டு மொழியிலும் வார்த்தை இல்லை. தாம்பரம் வரை நின்றுகொண்டே போனோம்.

ஜெர்மனிக்குக் கிளம்பும் நாள் பெட்டியைத் திறந்தால் சட்டையைக் காணோம். அண்ணன் மாடிக் கொடியில் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"தர மாட்டேன். அடுத்த சனிக்கிழம மேட்ச் கீது."

கிளப்பின் ஆண்டுக் கூட்டத்தில் என் முறை வந்தபோது வெறும் கையோடு எழுந்தேன். எங்கள் கிளப்புக்கு வயது பத்துச் சொச்சம், எங்கள் ஊர் ஆட்டத்துக்கு அதைவிட அதிகம் என்று ஆரம்பித்து, ஏரி, கோவா, லாரி நம்பர் பெயின்டர் எல்லாவற்றையும் என் ஓட்டை ஜெர்மனில் சொன்னேன். "சட்டை எங்கே?" என்றார் ஊவே. "ஆட்டத்துக்குப் போயிருக்கிறது" என்றேன். அந்த ஊரில் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆணி காலியாகவே இருக்கட்டும் என்று ஒருமனதாகக் கைதூக்கினார்கள்.

போன சனிக்கிழமை ஒரு மணிக்கு, கழுத்தில் இந்த ஊர்க் கிளப்பின் துண்டோடு ரொட்டி வரிசையில் நின்றேன். காதில் போன், மறுமுனையில் சென்னை ஸ்டேடியத்திலிருந்து அண்ணன். அவன் கத்தினான், நானும் கத்திவிட்டேன். கடை முழுக்கத் திரும்பியது. "யார் கோல் போட்டது? நம் ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கவில்லையே" என்றாள் கடைக்காரி.

"நாங்கள்தான்" என்றேன்.