கடைசிப் படகில் பஞ்சம்மாள்

என் சின்னம்மா மகள் பஞ்சம்மாளுக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலை. இந்த மே மாதம் பழனியில் மொட்டை போட்டுத் திரும்புகையில் அவள் குடும்பம் ஐந்து பேரும் கொடைக்கானலில் இறங்கினார்கள். ஏரியில் படகேற வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. கடைசிப் படகில் ஐந்து இடம்தான், முண்டியது பெருங்கூட்டம். பஞ்சம்மாளோ, வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் தீப்பொறி எழாதிருக்கச் செய்கிற பழக்கத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு படகுத்துறையின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் தொட்டாள்.

"ஏ புள்ள, இங்கன வெடிமருந்தா இருக்கு? தண்ணிதான்!" என்றான் புருஷன் பெத்தணன்.

"உடம்புக் கரண்ட எறக்காம எப்பிடி ஏறுறதாம்?"

முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்து, படகேற அதுதான் சட்டமென்று நம்பி, குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார்கள். அதற்குள் நம் ஆட்கள் ஐந்து பேரும் ஏறிவிட்டார்கள். பஞ்சம்மாள் படகுக்காரரைப் பார்த்துக் கூவினாள்:

"வேகமாப் போங்கண்ணே! இங்கன எம்புட்டு உரசுனாலும் தீப்பிடிக்காது!"