கழல மறுத்த ஃபில்டர்

சாம்பியாவில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று உள்ளங்கைகளைக் குழித்து மெல்லக் கைதட்டுகிறார்கள். மரியாதைதான். ஆனாலும் என் வீட்டுக்காரரின் வாத்தியார் வேலைக்காக நாங்கள் இங்கே வந்து மூன்று வருடமாகியும், அந்தச் சத்தம் கேட்டால் யாரோ கோழி விரட்டுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் கைதட்டல் கேட்டு வெளியே வந்தேன். பக்கத்து வீட்டு ஆசிரியர் பண்டா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், எங்கள் பழைய காருக்கு அடியில் என் வீட்டுக்காரர் கிடந்தார். அவர் தலைமாட்டில் நான் அரிசி களையும் பேசின். அது நிறையக் கறுப்பு எஞ்சின் ஆயில். கடைகளில் சோப்பே கிடைக்காத காலம் அது. இனி அந்தப் பேசினை எதைக் கொண்டு கழுவுவது?

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் என் அண்ணனுக்கு டிராக்டர் ஒர்க்‌ஷாப். வீடு அதற்குப் பின்னால். கொடியில் காயும் பாவாடையில் கிரீஸ், குடத்துத் தண்ணீரில் டீசல் மினுமினுப்பு, சோற்றிலும் அதே வாடை. மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்து வரும் டிராக்டர்களில் ஆயிலை வடிகட்டும் ஃபில்டர் டப்பா இறுகிக் கிடந்தால், அண்ணன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை அதன் வயிற்றில் குத்தித் திருகுவான். ஆயில் முழங்கை வழியே வடியும். அந்தக் கையோடேயே வடையை எடுத்துத் தின்பான். ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் இந்த நாற்றம் தொலையும் என்றுதான் கழுத்தை நீட்டினேன்.

இங்கே, வீட்டுக்குள் எங்கள் மகள் எஸ்தர் காய்ச்சலில் கிடந்தாள். காலையில் லேசாக இருந்த சூடு மத்தியானம் அனலாய்க் கொதித்தது. மிஷன் ஆஸ்பத்திரி தொலைவு. ஞாயிறு பஸ் கிடையாது. கார் இருந்தும், காலையிலேயே ஆயிலை இறக்கிவிட்டு ஃபில்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் இவர். துணி சுற்றித் திருகினார். இடுப்பு பெல்ட்டைச் சுற்றி இழுத்தார், ஆயிலில் வழுக்கியது. சின்னச் செயினால் இறுக்கினால் பிடிக்குமே என்று பண்டாவிடம் ஆங்கிலத்தில் செயின் கேட்டேன். தலையாட்டிவிட்டு ஓடினார். திரும்பும்போது லாரி இழுக்கும் சங்கிலியும், கூட நான்கு ஆட்களும்.

“எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும், மேடம்?”

இவருக்குப் பொறுமை போய்விட்டது. “ஏட்டி, அந்த ஸ்க்ரூ டிரைவர எடு.”

“வேண்டாங்க. தகரம்தான் கிழியும். பொறவு பிடிக்கதுக்கு ஒண்ணும் இருக்காது.”

“நீ என்ன மெக்கானிக்கா?”

குத்தினார். தகரம் காகிதமாய்க் கிழிந்து கந்தலாகக் கையோடு வந்தது. டப்பாவின் அடித்தட்டு மட்டும் எஞ்சினில் அப்பிக்கொண்டிருந்தது. வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், “இனி என்ன செய்யதுன்னு தெரியலட்டி” என்றார்.

எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கேவலம். அண்ணனுக்கும் இப்படி ஆனதுண்டு. அப்போது அவன் உளியும் சுத்தியலும் எடுப்பான். இரண்டும் பண்டா வீட்டிலிருந்து வந்தன. சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தேன். ஒரு சொட்டு ஆயில் உதட்டில் விழுந்தது. துப்பினேன். அடித்தட்டின் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்து, கழலும் பக்கமாகத் தட்டினேன். அசையவில்லை. அண்ணனுடைய கெட்ட வார்த்தைகள் அத்தனையும் என் வாயில் வந்தன. ஓங்கி அடித்தபோது நூலளவு நகர்ந்தது. பிறகு விரலுக்கே சுழன்று வந்துவிட்டது. அந்த நாற்றத்தை விட்டுக் கடல் தாண்டி வந்தவளின் கைக்கு இதெல்லாம் மறக்கவில்லையே என்று என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

புது ஃபில்டரை மாட்டி, ஆயில் ஊற்றி, இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரி சேர்ந்தோம். ஊசி போட்டதும் எஸ்தருக்கு மெல்ல வியர்த்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். நர்ஸ் ஆயில் கறை போகாத என் கைகளைப் பார்த்தாள்.

“உங்களுக்கு கராஜ் இருக்கிறதா?”

“ஆமாம், எங்கள் ஊரில்” என்றேன்.

“எந்த ஊர்?”

“சங்கரன்கோவில்.”

அடுத்த டவுன் பெயரைக் கேட்டதுபோலத் தலையாட்டினாள். “அது எந்தப் பக்கம்?”

யோசிக்காமல் ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் பார்த்தேன். அது எங்கள் வாத்தியார் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிப் போகிற செம்மண் ரோடு.