கிருபாநிதி அனுப்பிய நாற்பத்தொரு மெயில்கள்

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் கண்டெய்னர் பெட்டிகளைச் சோதிக்கும் சூப்பர்வைசர் கிருபாநிதி. வெள்ளைக்காரப் பாதிரிமார் பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன பக்கத்து ஊர் நாசரேத்துக்காரர். இங்கிலீஷ் தமக்குப் பரம்பரைச் சொத்து என்ற நினைப்பு. மற்றவர்கள் எழுதிய மெயிலில் பிழை பிடித்து, ஆபீசுக்கே கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டினால்தான் அவருக்குக் காலைக் காப்பி இறங்கும்.

ஒருநாள் ஆபீசுக்குப் புது ஆப் வந்தது. பெட்டியில் ஓட்டை உடைசல் இருந்தால் படம் எடுத்து, குறிப்பு எழுதி, ‘அனுப்பு’ என்பதைத் தட்ட வேண்டும். ஆப் தானாக எதையும் அனுப்பாது. போனில் உள்ள மெயில் ஆப்பைத் திறந்து, மேனேஜருக்குப் போகவேண்டிய கடிதத்தை அதில் நிரப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அங்கே இன்னொரு தடவை அம்புக்குறியைத் தட்டினால்தான் மெயில் போகும். இதைச் சொல்லிக்கொடுத்தவள் ஏரலிலிருந்து வேலைக்கு வரும் முருகேஸ்வரி. நெல்வயல் பக்கத்துப் பெண் தமக்கு மெயில் சொல்லித் தருவதா என்று, அந்த அரைமணி நேரமும் கிருபாநிதி ஜன்னல் வழியே கப்பல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து தட்ட ஆரம்பித்தார். மெயில் திறக்கும். தம்முடைய இங்கிலீஷைத் தாமே ஒருமுறை ரசித்து வாசிப்பார். பின்பு ‘பேக்’ கொடுத்துத் திரும்பிவிடுவார். மெயில் போனதா என்று ஆப்புக்குத் தெரியாது. ஆனாலும் பச்சை டிக் போட்டுவிடும். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவதில் இருவரும் ஒரே ரகம்.

ஆறாவது வாரம் வெளிநாட்டிலிருந்து புகார் வந்தது. மருந்துக்குப் போகும் நிலவாகை இலை ஏற்றிய பெட்டியின் கூரையில் ஓட்டை. மழைத்தண்ணீர் இறங்கி மூட்டையெல்லாம் பூஞ்சை. மேனேஜர் ஆவுடையப்பன் கிருபாநிதியையும் முருகேஸ்வரியையும் கூப்பிட்டார்.

“என்னவே, ஓட்டையப் பாக்கலியா?”

“பாத்தேன் சார். அன்னைக்கே அனுப்பியாச்சு. இந்தா, பச்ச டிக். இந்தப் புள்ள சொல்லித்தந்த ஆப்புதான் எங்கனயோ முழுங்கிருக்கு.”

“போனத் தாங்க சார்” என்று முருகேஸ்வரி வாங்கி, அனுப்பாத மெயில்கள் தங்கும் டிராஃப்ட்டைத் திறந்தாள். நாற்பத்தொரு மெயில்கள் அடுக்காக நின்றன.

“ஒண்ணுகூடப் போவல. அம்புக்குறியத் தட்டணும்னு சொன்னேம்லா சார்?”

கிருபாநிதிக்குக் காதுமடல் சுட்டது. அவள் அதோடு விடவில்லை, மேனேஜரைப் பார்த்தாள்.

“ஆறு வாரமா ஒரு மெயிலும் வரலியே, இங்கன ஒருத்தரும் தேடலியா சார்?”

ஆவுடையப்பன் சுவரில் இருந்த காலண்டரை உற்றுப் பார்த்தார். அந்த இடைவெளியில் கிருபாநிதி போனை வாங்கி, அம்புக்குறியைத் தட்டத் தொடங்கினார். மேனேஜரின் கம்ப்யூட்டர் டிங், டிங் என்று அலறியது.

“நிறுத்தும்வே!”

விசாரணையை ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதி மூடினார்கள். அனுபவஸ்தர் என்று கிருபாநிதியையே பயிற்சியாளர் ஆக்கினார்கள். “அம்புக்குறியத் தட்டணும். இதுகூடத் தெரியாம எத்தன பேரு இருக்கான் தெரியுமா!” என்று இப்போது ஏசி அறையில் வகுப்பெடுக்கிறார்.

கேள்வி கேட்ட முருகேஸ்வரிக்குக் கண்டெய்னர் யார்டு வெயில். அவள் மெயில் அனுப்பியதோடு விடுவதில்லை. கிரேன்காரருக்கு நேராகப் போன் போட்டு, “அண்ணாச்சி, ஓட்டப் பெட்டி, ஏத்திராதீய” என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பெட்டிக்கு நகர்கிறாள்.