கீற்று கேட்கப் போகாத வருஷம்

1. ஆவணி

மணமேல்குடிப் பக்கம் நான் மிட்வைஃப் வேலை பார்த்த பிரசவ விடுதி ஒரு கீற்றுக் கொட்டகைதான். நாலு கட்டில், ஒரு ஸ்டவ், நான், ஆயா பாப்பம்மாள். ஆவணி பிறந்தால் நாங்கள் ரெண்டு பேரும் வீடு வீடாய்ப் போய்க் கீற்று கேட்போம். வீட்டுக்கு அஞ்சு கீற்று. மழைக்கு முன்னால் ஊரே கூடிக் கூரை வேய்ந்து தந்துவிடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தேர்தல் வந்தது. அதில் நின்ற ஒருவர் பேச ஆரம்பித்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். எங்கள் கொட்டகை வாசலில் நின்று, "அடுத்த மழைக்குள்ள இங்க காரைக் கட்டடம் நிக்கும். இது என் வாக்கு" என்றார். நான் அழுதேவிட்டேன். அமோகமாக ஜெயித்தார்.

ஆவணி வந்தது. பாப்பம்மாள் புறப்பட்டு நின்றாள். "வாடி, கீத்து கேட்டுட்டு வந்துருவோம்."

"அவரு கட்டித் தாரேன்னு சொல்லிருக்காரு. இப்பப் போயி கீத்து கேட்டா, அவரை நம்பலைன்னுல்ல ஆகும்?" என்றேன். ஊரும் அதையேதான் சொன்னது.

"கட்டட்டும், யாரு வேணாங்குறா? கட்டுற வரைக்கும் மேல என்னத்தப் போடுறது? அவரு பேச்சையா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்த எதிர்க்கட்சிக்காரன் ஒனக்கு எம்புட்டுக் குடுத்தான்?" என்று கேட்டுவிட்டேன். ஆறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவளைப் பார்த்து! அவள் மறுநாள் மீமிசலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

2. ஐப்பசி

அடைமழை. கட்டடமும் வரவில்லை, கூரையும் வேயவில்லை. கருப்பையா என்ற மீனவர் தன் மனைவி லெட்சுமியைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வந்தார். கட்டில்மேலேயே தண்ணி கொட்டியது. ஸ்டவ் பற்றவில்லை. கருப்பையா ஓடிப்போய்த் தன் படகுப் பாயை எடுத்துவந்து, நாலு ஆளோடு கூரைமேல் ஏறிக் காற்றில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிள்ளை பிறந்தது, அழவில்லை. அதே நேரம் லெட்சுமிக்கு உதிரம் நிற்கவில்லை. கூட வந்த மாமியார்க்காரி சாமியைக் கூப்பிட்டு அழுதாளே தவிர, கைக்கு உதவவில்லை. இருந்தது என் ரெண்டு கை. தாயைப் பிடித்தேன்; அவள் பிழைத்தாள். பிள்ளை போய்விட்டது. பாப்பம்மாள் இருந்திருந்தால் அவள் பிள்ளையைப் பார்த்திருப்பாள். பிழைத்திருக்குமா, தெரியாது. பார்க்க ஆளாவது இருந்திருக்கும்.

கருப்பையா கூரையிலிருந்து இறங்கி வந்தார். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: "அவரு என்னம்மா செய்வாரு, பாவம்? ஆபீசருங்கதான் சாங்ஷன் குடுக்காம இழுத்தடிக்கிறாங்களாம்."

ஊருக்கு அவரை விட்டுக்கொடுக்காமல் பேசப் பழக்கினவளே நான்தானே.

மீமிசலுக்குப் போனேன். பாப்பம்மாள் மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். "ஆம்பளப் பிள்ளையாம்ல?" என்று மட்டும் கேட்டாள். "என் தப்புடி, வந்துரு" என்றேன்.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. எனக்கு இங்கிட்டே சரியா இருக்கு" என்றாள்.

'நீங்க'. 'அம்மா'. அந்த ரெண்டு வார்த்தையில் என்னைத் தள்ளி நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அழுதேன்.

இப்போது வேலைக்கு வரும் பெண்களே, பிடித்தவருக்கு ஓட்டுப் போடுங்கள், கைதட்டுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று 'அதெப்படி?' என்று கேட்கிறவளை விரட்டிவிடாதீர்கள். அவளுக்குப் பிறகு எனக்கு எத்தனையோ ஆயாக்கள் வந்தார்கள். தங்கமான பெண்கள். நான் என்ன சொன்னாலும் "சரிங்கம்மா" என்பார்கள். அப்படி ஒவ்வொருத்தி சொல்லும்போதும் பாப்பம்மாள் வரமாட்டாளா என்று வாசலைத்தான் பார்ப்பேன்.