மேலே என்றால் மேற்கு

"ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது" என்ற வரியைத் திருத்தித் திருத்தியே என் இருபதுகள் கழிந்தன. சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். எட்டு மெஷின்கள். காலை ஆறரைக்கு ஆரம்பித்தால் இரவு எட்டு வரை அந்த வரிதான் என் காதில் தட்டிக்கொண்டிருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அது சகிக்க முடியாமல்போய், மாணவர்களுக்குப் பயிற்சிக்காக நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். "நீ ஒரு கோட்டை வாசலில் நிற்கிறாய். உள்ளே ஒரு விளக்கு எரிகிறது. காவலர் யாரும் இல்லை."

அடித்து முடித்த ஒரு பெண், உள்ளே போகலாமா டீச்சர் என்று கேட்டாள். போய்ப் பாரேன் என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

மறுநாள் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதினேன். ஒருத்தி கதவைத் தட்டுவேன் என்றாள், ஒருவன் சுவரேறிக் குதிப்பேன் என்றான், ஆளுக்கொரு பதில் எழுத வேண்டியதாயிற்று. இரண்டு மாதத்தில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தாள். மெழுகு ஸ்டென்சிலில் அடித்து, சைக்ளோஸ்டைல் மெஷினில் பிரதிகள் எடுத்து வைத்திருப்பேன். விளையாடுகிறவர் அடுத்து என்ன செய்கிறார் என்று ஒரு தபால் கார்டில் எழுதி அனுப்புவார், நான் அதற்குரிய தாளை அனுப்புவேன். மாணவர்களிடமிருந்து அவர்களுடைய அண்ணன்மாருக்கும் மாமன்மாருக்கும் போய், மேலநீலிதநல்லூரிலிருந்தும் பனவடலிசத்திரத்திலிருந்தும் கார்டு வர ஆரம்பித்தது. அடியில் "கோட்டைக் காவல்" என்று மட்டும் கையெழுத்துப் போடுவேன், எழுதுவது யார் என்று வெளியே சொல்லக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன். பூதமும் மந்திரவாதியும் கத்திச் சண்டையுமாக எழுதுகிறவர் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு வந்த கார்டுகளெல்லாம் "அண்ணாச்சி" என்றுதான் ஆரம்பிக்கும். கோபம் வந்தால் "என்ன வே" என்று ஆரம்பிக்கும்.

கோபம் அடிக்கடி வந்தது. ஒரு மெஷினில் 'ள்' தேய்ந்துபோயிருந்தது. அந்த இடத்தில் 'ல்' அடித்துவிட்டுப் பிறகு பேனாவால் திருத்துவது என் வழக்கம். ஒரு தாளில் திருத்த மறந்துவிட்டேன். "மேசைமேல் ஒரு வால் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போ" என்றே அது எல்லோருக்கும் போய்விட்டது. எந்த மிருகத்தின் வால் என்று கேட்டு நாலு கார்டு. அது வாள் என்று விளக்கம் அனுப்பினேன். அதற்குள் ஒருவர் வாலைக் கதவுக் கைப்பிடியில் கட்டிப் பூதத்தை அறைக்குள் அடைத்துவிட்டிருந்தார். வாலைப் பிடுங்கினால் பூதம் வெளியே வந்துவிடும், ஆகவே வாள் வேண்டாம், வால்தான் வேண்டும் என்று சண்டைக்கு வந்தார். தப்பையும் குற்றம் சொன்னார்கள், திருத்தியதையும் குற்றம் சொன்னார்கள்.

இன்னொருவர் ஏதோ ஓர் ஆபீசில் எழுத்தர். பொருள், பார்வை எல்லாம் போட்டு நம்பர் வரிசையில் குறை எழுதுவார். எட்டாம் தாளில் செத்த மந்திரி பதினோராம் தாளில் தாம்பூலம் போடுகிறான். கோட்டையில் யாருமே சாப்பிடுவதாகத் தெரியவில்லை. மூன்று பூதத்துக்கும் மூன்று தலைதானா, கற்பனை அவ்வளவுதானா. எல்லாம் நியாயமான கேள்விகள். அதனால்தான் எரிச்சலாக இருந்தது. பகலெல்லாம் பிள்ளைகளின் பிழையைத் திருத்திவிட்டு வந்து உட்கார்ந்தால், என் பிழையைத் திருத்த ஊரே காத்துக்கொண்டிருக்கும். போதும் போதும் என்றாகி, கடைசியில் ஒரு பொதுப் பதிலை அடித்து வைத்துக்கொண்டேன். "தங்கள் கடிதம் கிடைத்தது. கோட்டையில் பிழை ஏதும் இல்லை. இறந்தவர் மீண்டும் ஆட இயலாது." எந்த வரியிலிருந்து தப்பி ஓடினேனோ அதையே நானும் அடித்தேன்.

குறையே சொல்லாதவர் ஒரே ஒருவர்தான். இளையரசனேந்தல் பக்கத்தில் மானாவாரி விவசாயம் பார்ப்பவர். அவருடைய தங்கை மகள் என்னிடம் படித்ததால் தாள் அவர் கைக்குப் போயிருந்தது. கார்டில் ஒரு வரிதான் இருக்கும். "அண்ணாச்சி, மேல போறேன்." "கதவைத் தட்டுதேன், பதில் இல்லைன்னா காத்திருக்கேன்." அவசரமே படமாட்டார். விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். தபால் வந்ததும் அவர் கார்டைத்தான் முதலில் தேடுவேன். மற்றவர்களெல்லாம் மாட்டிக்கொண்ட இடங்களைத் தாண்டி விளையாட்டில் அவருடைய ஆள் கோட்டையின் கோபுரம் வரைக்கும் வந்துவிட்டிருந்தான்.

கோபுரத்துக்கு ஏழு மாடி. உச்சியில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு மொட்டைமாடி. அங்கே வருகிறவர்களுக்கு ஒரு தாள்: "திறந்தவெளிக்கு வந்துவிட்டாய். காற்று பலமாக அடிக்கிறது. அறைக்குத் திரும்ப முதுகுப்பக்கம் வாசல்." அதற்கு அவரிடமிருந்து கார்டு வந்தது. "அண்ணாச்சி, கீழ போறேன்."

அன்றைக்கு எழுத்தரின் நாலு பக்கக் கடிதமும் வந்திருந்தது. தலைவலி. எண்ணெய் பார்த்து நடக்கிற மனுஷன் மொட்டைமாடியிலிருந்து ஏன் குதிக்கிறார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. "கீழே விழுந்தாய். இறந்தாய். ஆட்டம் முடிந்தது" என்று அடித்துப் போட்டுவிட்டேன்.

ஒரு வாரத்தில் கார்டு வந்தது. "அண்ணாச்சி, கீழ போனவன் எப்படி விழுவான்?" இவரும் ஆரம்பித்துவிட்டாரா என்றிருந்தது. பொதுப் பதிலை அனுப்பினேன். அதே கேள்வி மறுபடியும் வந்தது, அதே பதிலை மறுபடியும் அனுப்பினேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், இன்ஸ்டிடியூட்டில் யாரும் இல்லாத நேரம், அவரே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. மூச்சு வாங்கியது. இன்னார், இன்ன ஊர் என்று சொல்லிவிட்டு, கோட்டை அண்ணாச்சி இருக்காவளா என்று கேட்டார்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாச்சி வெளியூர் போயிருக்காவ. நான் டைப் அடிச்சுக் குடுக்கிறதோட சரி" என்றேன். என்னை அறியாமல் வந்த பொய் இல்லை, யோசித்துச் சொன்ன பொய்தான்.

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். வருவதற்கு நேரமாகிவிட்டது என்றார். கீழே பாத்திரக் கடைக்காரரிடம் இன்ஸ்டிடியூட் எங்கே என்று கேட்டிருக்கிறார். அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், மேல போங்க என்று சொல்லியிருக்கிறார். இவர் தெருவின் மேல்கோடி வரைக்கும் நடந்துபோய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறார். சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பையிலிருந்து ஒரு பெரிய காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். உரச்சாக்கின் உள்தாள். அதில் என் கோட்டை முழுவதையும் பென்சிலால் வரைந்திருந்தார். வாசல், மந்திரி அறை, பூத அறை எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில், வரிசையாக ஏழு வீடுகள் மேற்கு நோக்கி ஒரு தெருவாகப் போயின. தெரு முடிகிற இடத்தில் ஒரு பொட்டல். வீடுகளின் வெளிப்புறமாகவே கிழக்கே திரும்பி நடந்தால் வேறு வாசல் இருக்குமோ என்று பார்க்கப் போனதாகவும், அதில் எங்கே விழுந்தான் என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

"ஏழாவது மாடியிலருந்து கீழ போறேன்னா விழத்தானே செய்யணும்" என்றேன்.

"மாடியா?" என்றார். படத்தைப் பார்த்தார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அண்ணாச்சி வந்தா சொல்லுங்க டீச்சரம்மா. ஆளு பொழைக்கணும்னு நான் கேக்க வரல. இந்த வருசம் மழை ஏமாத்திட்டு. வெதச்சது ஒண்ணும் முளைக்கல. எங்க வீட்ல ஒரு அடி முன்னால போனது அவன் ஒருத்தந்தான். அவன் கிறுக்குத்தனமா குதிச்சுச் செத்தான்னு மட்டும் எழுத வேண்டாம்னு சொல்லுங்க."

சொல்லுதேன் அண்ணாச்சி என்றேன். அந்த இடத்திலேயே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் மாடிப்படியில் இறங்கிப்போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது.

கோபுரத் தாள்களையெல்லாம் எடுத்துப் பரப்பினேன். ஏழு தாளிலும் "இங்கிருந்து மேலே ஒரு வழி போகிறது" என்று இருந்தது. கோபுரம் என்ற சொல் இல்லை. மாடி என்ற சொல் இல்லை. படி என்ற சொல் இல்லை. எல்லாம் என் மண்டைக்குள் இருந்ததே தவிர, தாளில் ஓர் எழுத்தும் இல்லை. எங்கள் பக்கத்தில் மேற்கே போவதை 'மேல' என்றும் கிழக்கே போவதைக் 'கீழ' என்றும்தான் சொல்வோம். என் வீடு மேலரத வீதியில். தினமும் காலையில் வீட்டிலிருந்து 'கீழ' வந்து, சாயங்காலம் 'மேல' போகிறவள் நான். அப்படி 'மேல' போவதற்கு ஒருநாளும் எந்தப் படியும் ஏறியதில்லை. எனக்கே தெரியாமல் போயிற்று என்று யாரிடம் சொல்வது?

திங்கட்கிழமை ஒரு ஸ்டென்சில் வெட்டினேன். "கோபுரத் தாள்களில் பிழை இருக்கிறது. பிழை என்னுடையது. இளையரசனேந்தல்காரர் குதிக்கவில்லை, அறிவோடு நடந்தார். அவர் உயிரோடு இருக்கிறார். இனி இந்தக் கோட்டையில் மேலே என்றால் மேற்கு." எல்லோருக்கும் அனுப்பினேன். என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன்.

நடந்தது. செத்தவர்களெல்லாம் கிளம்பி வந்தார்கள். பாம்பு கடித்தவர், கிணற்றில் மூழ்கியவர், எழுத்தர், ஆளுக்கொரு நியாயத்தோடு வந்தார்கள். ஒருவருக்குத் தந்துவிட்டு மற்றவருக்கு எப்படி மறுப்பது? எல்லோரையும் எழுப்பிவிட்டேன். யாரும் சாகாத கோட்டையில் யாருக்கும் பயமில்லை, பயமில்லாத இடத்தில் விளையாட என்ன இருக்கிறது? கார்டுகள் குறைந்துகொண்டே வந்தன. எழுத்தர் மட்டும், கோட்டையின் தரம் வீழ்ந்துவிட்டது என்று கடைசியாக ஒரு பக்கம் எழுதினார். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. கோட்டை பற்றிய கடைசிக் கார்டு அப்போதுதான் வந்தது. முதல் தடவையாக அது அண்ணாச்சி என்று ஆரம்பிக்கவில்லை.

"டீச்சரம்மாவுக்கு, ஆளு பொழைச்சது சந்தோசம். இங்கன மழை விழுந்திருக்கு, உழவு நடக்கு, இனி எழுத நேரம் இருக்காது. அண்ணாச்சி வெளியூர் போயிருக்காவன்னு நீங்க சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். ஏழாவது மாடின்னு சொன்னீங்க, தாளுல எங்கயும் மாடின்னு இல்ல. கோட்டையக் கெட்டுனவகளுக்குத்தான் அது மாடின்னு தெரியும்."

பதில் எழுத வேண்டும் என்று மெஷினில் தாளைச் சொருகினேன். கை பழக்கத்தில் "ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது" என்று அடித்தது. பேனாவை எடுத்து 'ஐயா'வை 'அண்ணாச்சி' என்று திருத்தினேன்.